மூட்டு நோவும் எங்கள் வீட்டுக் கைமருந்தும்

"நாளைக்கு ஸ்னோ கொட்டப்போகுது, பார் பிள்ளை. முழங்கால் சொல்லுது."

மோர்னிங்சைட் வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் அம்மாமாரிடம் மார்கழி, தை மாதங்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அம்மா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பிரித்தானியாவில் நாட்பட்ட நோ உள்ள 2,658 பேரின் அன்றாட நோவையும் அவர்கள் இருந்த இடத்து வானிலையையும் கைத்தொலைபேசி மூலம் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2019இல் வெளியாகியது. ஈரப்பதன் கூடிய, காற்றமுக்கம் குறைந்த, காற்று பலமாக வீசிய நாட்களில் நோ சற்றுக் கூடியிருந்தது. அந்தச் "சற்று" என்ற சொல்லைக் கவனியுங்கள். வித்தியாசம் சிறியதுதான்.

என்னைக் கேட்டால், கனடாப் பனிக்காலம் எங்கள் முழங்கால்களுக்குச் செய்யும் பெரிய தீங்கு வேறு. அது எங்களை நாலு மாதம் வீட்டுக்குள் சோபாவில் இருத்திவிடுகிறது. ஊரில் சந்தைக்கும் கோயிலுக்கும் கிணற்றடிக்கும் நடந்த கால்கள் இங்கே கட்டிலுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில் மட்டும் நடக்கின்றன. அசையாத மூட்டு விறைக்கும். விறைத்தால் நோகும். நோகிறது என்று இன்னும் அசையாமல் இருப்போம்.

கனடாவில் ஐந்து பேரில் ஒருவருக்கு, அதாவது ஏறத்தாழ 60 இலட்சம் பேருக்கு, ஏதாவதொரு வகை மூட்டு நோய் இருக்கிறது. "ஏதாவதொரு வகை" என்பதுதான் முக்கியம். எங்கள் பேச்சில் எல்லாமே "வாதம்". வயது போனால் வரும், எண்ணெய் பூசினால் போகும் என்று விட்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அப்படி விட்டுவிட்ட ஒரு கதைதான்.

அக்காவின் கறுப்புக் குளிசை

எங்கள் பகுதியில் வசிக்கும் ஓர் அக்காவின் அனுபவத்தை அவருடைய அனுமதியுடன், பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. தொழிற்சாலையில் பொதி செய்யும் வேலை. ஒரு பனிக்காலத்தில் காலையில் எழும்பினால் இரண்டு கை விரல்களும் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாது. பத்து, பதினொரு மணிக்குத்தான் விரல்கள் இளகும். விரல் மொளிகள் வீங்கியிருந்தன. "குளிருக்குள்ள வேலை செய்யிறது, அதுதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் வாதத்துக்கு நல்லதென்று ஒரு பொதி கறுப்புக் குளிசை கொண்டுவந்து கொடுத்தார். பெயரும் இல்லை, லேபிளும் இல்லை. மூன்றாம் நாள் நோ மாயமாய்ப் போய்விட்டது. அக்கா அதைப் பத்துப் பேருக்குச் சொன்னார். ஐந்து மாதம் எடுத்தார். முகம் உருண்டு வீங்கியது, பிரஷர் ஏறியது, இரத்தத்தில் சீனி கூடியது. குளிசை முடிந்ததும் எழும்ப முடியாத களைப்பும் சத்தியும் வந்து அவசர சிகிச்சைப் பிரிவில் போய்ப் படுத்தார். அங்கே வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" என்பது. அக்கா "இல்லை" என்றார். நாட்டு மருந்தை அவர் மருந்தாகவே கணக்கெடுக்கவில்லை. மகள்தான் வீட்டுக்கு ஓடிப்போய் அந்த வெறும் பொதியைக் கொண்டுவந்து காட்டினார்.

அந்தக் குளிசையில் ஸ்டெரொயிட் கலந்திருக்க வேண்டும் என்பது வைத்தியர்களின் ஊகம். ஸ்டெரொயிட் நோவையும் வீக்கத்தையும் வேகமாக அடக்கும். ஆனால் அளவு தெரியாமல் மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டெரொயிட் நின்றுவிடும். பிறகு சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. யாராவது இப்படி ஒரு குளிசை எடுத்துக்கொண்டிருந்தால், இதை வாசித்துவிட்டு இன்றே தூக்கி எறிந்துவிட வேண்டாம். குளிசையையும் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

அக்காவுக்கு இருந்தது தேய்வு அல்ல. ருமற்றோயிட் எனப்படும் முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்கும் நோய். எந்த வயதிலும் வரலாம், ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் கூட வரும். ஆரம்பத்திலேயே சரியான மருந்து தொடங்கினால் மூட்டு பழுதாவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். அக்காவின் விஷயத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் போய்விட்டது. வலக்கையில் இரண்டு விரல்கள் சாயத் தொடங்கிவிட்டன. அவை இனி நிமிரப்போவதில்லை.

எந்த நோவுக்கு எண்ணெய், எந்த நோவுக்கு டொக்டர்?

நடந்தால் நோகும், இருந்தால் ஆறும், காலையில் விறைப்பு அரைமணி நேரத்துக்குள் விட்டுவிடும் என்றால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்வு. முழங்கால், இடுப்பு, பெருவிரலின் அடி ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கை கால்களின் சிறு மூட்டுகள் இரண்டு பக்கமும் வீங்கி, கூடவே களைப்பும் இருந்தால் அது வேறு கதை. ஆறு கிழமைக்கு மேல் பொறுக்காமல் குடும்ப வைத்தியரிடம் போய் மூட்டு நோய் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். ஒரே இரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறதென்றால் அது யூரிக் அமிலத்தால் வரும் கௌட்டாக இருக்கலாம். ஒரு மூட்டு சூடேறி வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், அங்கே ஒத்தணம் பிடித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

இன்னொன்று. ஊருக்குப் போய் வந்தபின் காய்ச்சலோடு மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டால் சிக்குன்குன்யாவை நினைக்க வேண்டும். 2006 கடைசியில் யாழ்ப்பாணத்தில் அது வீட்டுக்கு வீடு பரவியதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2025இலும் இலங்கையில் மீண்டும் பரவியது. அந்த மூட்டு நோ சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். எங்கே போய் வந்தீர்கள் என்பதைச் சொல்லாவிட்டால் இங்குள்ள வைத்தியருக்கு அது நினைவுக்கு வராமல் போகலாம்.

தோலுக்கு வெளியே

எங்கள் கைமருந்துகளில் எனக்கு மதிப்பு உண்டு. முறிவு நெரிவுக்குப் பரியாரியாரிடம் போய்ப் புக்கை கட்டி, நோவெண்ணெய் பூசி வளர்ந்த தலைமுறை நாங்கள். சித்த மருத்துவம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. என் கணக்கு எளியது. தோலுக்கு மேல் செய்வதில் நன்மை அதிகம், ஆபத்துக் குறைவு. வாய்க்குள் போடுவதில்தான் கவனம் வேண்டும்.

சூட்டு ஒத்தணம் இன்றைக்கும் முதல்தரமான வைத்தியம். தடித்த பருத்திக் காலுறைக்குள் பச்சையரிசியையோ கல்லுப்பையோ போட்டுக் கட்டி மைக்ரோவேவில் ஒன்று, ஒன்றரை நிமிடம் சூடாக்கினால் பதினைந்து நிமிடத்துக்கு நல்ல ஒத்தணம். காலையில் கட்டிலை விட்டு இறங்க முன்னர் பிடித்தால் விறைப்பு இளகும். மூட்டு சிவந்து வீங்கிச் சூடாக இருந்தால் சூடு வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸ்தான் நல்லது. சலரோகம் உள்ளவர்கள் கால்களில் ஒத்தணம் பிடிக்கும்போது வீட்டில் வேறொருவர் தன் கையில் வைத்துச் சூட்டைப் பார்க்க வேண்டும். காலில் உணர்வு குறைந்தவர்களுக்குத் தோல் பொசுங்குவதே தெரியாது.

நல்லெண்ணெய் இளஞ்சூட்டில் தேய்ப்பதும் நல்லது. எண்ணெய் எவ்வளவு தூரம் உள்ளே இறங்குகிறது என்பதை விட, பத்து நிமிடம் தசையைப் பிடித்துவிடுவதும் மூட்டை மடக்கி நீட்டுவதும்தான் வேலை செய்கின்றன என்று நினைக்கிறேன். ஆனால் எண்ணெய் பூசிய காலோடு பாத்ரப்புக்குள் ஏறுவதை நினைத்தால் எனக்குப் பயம். ஊரில் கிணற்றடியில் தோய்ந்தோம், வழுக்கினாலும் பிடிக்க ஆள் இருந்தது. இங்கே வழவழப்பான தொட்டிக்குள், கதவைப் பூட்டிக்கொண்டு, தனியாக. முழங்கால் நோவுக்கு எண்ணெய் முழுகப் போய் இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளக் கூடாது. ரப்பர் விரிப்பும் சுவரில் ஒரு பிடியும் போட்டுவிட்டு முழுகுங்கள். எண்ணெயை முதலில் துணியால் துடைத்துவிட்டு இறங்குவது இன்னும் நல்லது.

கோடாலித் தைலம் போன்ற பல தைலங்களில் மெதில் சலிசிலேற் இருக்கிறது. அஸ்பிரினின் உறவு இது. வோர்பரின் என்ற இரத்தம் உறையாமைக் குளிசை எடுப்பவர்கள் இதை உடம்பெல்லாம் தேய்த்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம். தைலத்துக்கு மேல் சூட்டுப் பொதி வைப்பதும் கூடாது, தோல் வெந்துவிடும். மிளகாயின் உறைப்புச் சத்தான கப்சைசின் கலந்த கிறீம் பார்மசியில் கிடைக்கிறது. சில கிழமை விடாமல் பூசினால் முழங்கால் நோவுக்குப் பலன் தரும். பூசிய கையால் கண்ணைத் தொட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் குசினிகளில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. டைக்கிளோபினாக் ஜெல் வைத்தியரின் சீட்டு இல்லாமலே வாங்கலாம். முழங்காலுக்கும் கை விரலுக்கும் குளிசைக்கு முன் இதை முயலும்படி இன்று வைத்தியர்களே சொல்கிறார்கள். குளிசையைவிட மிகக் குறைவாகவே இரத்தத்தில் கலக்கும் என்பதுதான் காரணம்.

வாய்க்குள் போகும்போது

மஞ்சள் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் முழங்கால் நோவைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கறியில் போடும் மஞ்சளில் அது மிகக் குறைவு, உடம்பில் சேர்வதும் குறைவு. அதனால் கறிக்கும் இரவில் குடிக்கும் மஞ்சள் பாலுக்கும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மிளகுச் சத்துச் சேர்த்துச் செறிவாக்கிய மஞ்சள் கப்சூல்களால் ஈரல் பாதிப்பு ஏற்படலாம் என்று 2023இல் அவுஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. போத்தலில் "இயற்கை" என்று எழுதியிருப்பதை ஈரல் வாசிப்பதில்லை.

முடக்கொத்தான் இலையின் பெயரிலேயே வைத்தியம் இருக்கிறது. ரசமோ தோசையோ, கிடைத்தால் செய்து சாப்பிடுங்கள். உணவாக அது நல்லது, நோயை நிறுத்தும் மருந்தென்று நம்பியிருக்க வேண்டாம். வெந்தயம் சீனியைக் குறைக்கும். சலரோகக் குளிசை எடுத்துக்கொண்டு வெந்தயப் பொடியைக் கரண்டி கரண்டியாக விழுங்கினால் சீனி கீழே போய் மயக்கம் வரலாம். குளுக்கோசமின் குளிசைக்குப் பலர் மாதந்தோறும் காசு கொட்டுகிறார்கள். அமெரிக்காவில் 1,583 பேரைக் கொண்டு செய்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், மொத்தத்தில் அது வெறும் மாக்குளிசையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை.

லேபிள் இல்லாத பொதிகள் பற்றி முன்பே சொன்னேன். லேபிள் இருந்தாலும் பாருங்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பகுதியில் தெற்காசியக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிப் பரிசோதித்தார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. அடுத்த வருடம் கனடாச் சுகாதார அமைச்சும் இப்படியான சில மருந்துகள் பற்றி எச்சரிக்கை விட்டது. கனடாவில் விற்க அனுமதி பெற்ற இயற்கை மருந்தின் போத்தலில் "என்.பி.என்." என்ற எழுத்துகளும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். இந்த எண் இல்லாத எதையும், யார் தந்தாலும், வாயில் வைக்காதீர்கள். அன்பாகத் தந்தவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

ஒரு வீட்டில் கண்ட விஷயம். ஐயா காலையில் டைலனோல் எடுக்கிறார், மத்தியானம் ஊரிலிருந்து வந்த பனடோல், இரவில் தடிமனுக்கு ஒரு மருந்து. மூன்று வெவ்வேறு மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தார். டைலனோலும் பனடோலும் ஒன்றேதான், பெயர்தான் வேறு. பல தடிமன் மருந்துகளிலும் அதுவே இருக்கிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு, உச்ச அளவு. முதியவர்களும் நாட்பட எடுப்பவர்களும் அதற்கும் குறைவாகவே எடுக்க வேண்டும். அட்வில், அலீவ் போன்றவை பிரஷர், சிறுநீரகம், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்குத் தீங்கு செய்யலாம். மருந்து எல்லாவற்றையும், எண்ணெய் போத்தல் உட்பட, ஒரு பையில் போட்டுப் பார்மசிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். காசு கேட்கமாட்டார்.

குசினியில்

பெருவிரல் அடி மூட்டுத் தேய்ந்த ஒருவருக்கு இடியப்பம் பிழிவதைப் போன்ற தண்டனை வேறில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் அம்மா உரலைத் தூக்கிவிடுவார். மாவை நன்றாகக் கொதித்த நீரில் இளக்கமாகக் குழைத்தால் பிழிவது இலகு. அழுத்தும் உரலுக்குப் பதிலாகப் பிடியைச் சுற்றும் உரலும் கடைகளில் உண்டு. எல்லாவற்றையும்விட, மருமகனைப் பிழியச் சொல்லலாம். துருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவுவதை விட்டுவிட்டு எங்கள் தமிழ்க் கடைகளில் கிடைக்கும் உறைந்த தேங்காய்ப்பூவை வாங்குங்கள். சுவை கொஞ்சம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழங்கால் ஒன்றுதானே இருக்கிறது, அதுவும் பக்கத்துக்கு ஒன்று.

பாரமான தாச்சியை ஒரு கையால் தூக்காமல் இரு கைப்பிடிச் சட்டியைப் பாவியுங்கள். போத்தல் மூடிக்கு ஒரு ரப்பர் துண்டு போதும். இருபது இறாத்தல் அரிசி மூட்டையைக் காரிலிருந்து இறக்குவது பேரப்பிள்ளையின் வேலை. கோயிலில் நிலத்தில் சம்மணம் கட்டி இருக்க முடியாவிட்டால் கதிரையில் இருங்கள். அம்மன் ஒன்றும் சொல்லமாட்டா. ஊன்றுகோல் பிடிப்பவர்கள் நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாறிப் பிடிக்கிறார்கள்.

அசைவுதான் மருந்து

தேய்ந்த முழங்காலுக்கு எல்லா எண்ணெயையும் விடப் பலன் தருவது தொடைத் தசையைப் பலப்படுத்துவது. கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருப்பதை ஒரு நேரத்தில் பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு முறை செய்துபாருங்கள். முதல் கிழமை கொஞ்சம் நோகும். அடுத்த நாள் காலைக்குள் நோ பழைய நிலைக்குத் திரும்பினால் பயமில்லை, திரும்பாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள். நிறையைக் குறைப்பதும் அப்படித்தான். 2005இல் வெளியான ஓர் ஆய்வின்படி, உடம்பில் ஒரு இறாத்தல் குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் பாரம் நாலு இறாத்தல் குறைகிறது. பத்து இறாத்தல் குறைந்தால் நாற்பது இறாத்தல்.

பனிக்காலத்தில் எங்கே நடப்பது? மோல்கள் இருக்கின்றன. எங்கள் மோர்னிங்சைட் வீதியிலேயே, 401 நெடுஞ்சாலைக்கு அருகில், 2014இல் திறக்கப்பட்டு 2015 பான் அமெரிக்க விளையாட்டு நீச்சற் போட்டிகள் நடந்த நிலையம் இருக்கிறது. உலகத்தரப் போட்டி நடந்த தண்ணீருக்குள் நாங்கள் இறங்குவதில்லை, பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கார் தரிப்பிடத்தில் காத்திருக்கிறோம். இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் நிற்கும்போது மூட்டில் பாரம் வெகுவாகக் குறையும், நீந்தத் தெரியத் தேவையில்லை, நடந்தாலே போதும். போட்டித் தடாகங்களின் தண்ணீர் பொதுவாகக் கொஞ்சம் குளிர்ச்சியானது. ஆகவே எந்தத் தடாகம் சூடானது, மெதுவான தண்ணீர் உடற்பயிற்சி வகுப்பு எப்போது என்று முதலே கேளுங்கள். நீச்சலுடைக்குக் கூச்சப்படுகிற அம்மாமாருக்கு முழுக்கை, முழுக்கால் நீச்சலுடைகள் கிடைக்கின்றன. மாநகர சபையின் சில தடாகங்களில் பெண்களுக்கு மட்டுமான நேரமும் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டண உதவியாக "வெல்கம் பொலிசி" இருக்கிறது.

ஒன்ராறியோவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வைத்தியரின் கடிதத்துடன் அரசு பணம் செலுத்தும் பிசியோதெரபி நிலையங்களில் இலவசமாகச் சிகிச்சை பெறலாம். இடுப்பு, முழங்கால் தேய்வுக்கு டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய "கிளாட்" என்ற பயிற்சித் திட்டம் கனடாவிலும் நடக்கிறது. ஆறு கிழமையில் பன்னிரண்டு வகுப்புகள். இதற்கு இடத்துக்கு இடம் கட்டணம் வேறுபடும். இரவில் சந்தேகம் வந்தால் 811க்கு அழைத்துத் தாதியுடன் பேசலாம். "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். நிபுணரைப் பார்க்கப் போகும்போதும் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பத்து வயதுப் பேரனை வைத்து நோவைச் சொல்ல வேண்டாம்.

அக்கா இப்போது கிழமைக்கு ஒரு நாள் மெதொட்றெக்சேற் எடுக்கிறார். ஒவ்வொரு நாளும் எடுக்கும் மருந்தல்ல அது, நாள் மாறினால் ஆபத்து என்பதால் குசினிக் கலண்டரில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையையும் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். குறித்த காலத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறார். சனிக்கிழமைகளில் மகள் நல்லெண்ணெய் சூடாக்கி அவருடைய கையைப் பிடித்துவிடுகிறார், சாய்ந்த இரண்டு விரலையும் சேர்த்து. "மருந்து நோயைப் பாக்குது, எண்ணெய் என்னைப் பாக்குது" என்று போன கிழமை என்னிடம் சொன்னார். நிபுணருக்கும் இந்த எண்ணெய் விஷயம் தெரியும். போத்தலைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.